பெருச்சாளியிடம் பாட்டு கற்றவன்

நேயர்களுக்கு வணக்கம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதே, அதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தப் பாதை போட்ட பிறகு பெரம்பூர் மில்லையும் துறைமுகத்தையும் நம்பிக் கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து இறங்கியவர்கள் ஏராளம். அவர்களின் பேரன் பேத்திகள் நிறைந்த வடசென்னையில், பட்டணம் புறப்பட்ட ஒரு வெள்ளந்திப் பையனின் கதையைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பாட்டுப் பாடினால் ராஜா பொன் தருகிறாராம் என்று கேள்விப்பட்டு, அம்மா மகனை அனுப்பி வைக்கிறாள். அவனுக்குப் பாட்டு என்றால் என்னவென்றே தெரியாது. ஏரிக்கரையில் சோற்று மூட்டையை அவிழ்க்கும்போது ஒரு பெருச்சாளி வளை தோண்டுகிறது. முன்னங்காலால் பறித்த மண்ணைப் பின்னங்காலால் தள்ளுகிறது. ஆள் அரவம் கேட்டதும் மூக்கைத் தூக்கிப் பார்க்கிறது. பதுங்குகிறது. ஓடுகிறது. பையன் கண்ணில் பட்டதை அப்படியே சொல்கிறான்:

பறபறன்னு பறிக்கிறியே
தலையத் தூக்கிப் பாக்கிறியே
பதுங்கிப் பதுங்கி உக்கார்றியே
பாஞ்சு ஓடப் பாக்கிறியே

மாமியார் வீட்டுக் கொழுக்கட்டையை மறந்து ‘அத்திரிபாச்சா’ என்று ஓடினானே ஒரு மாப்பிள்ளை, அவனைப் போல இவன் மறக்கவில்லை. வழி நெடுக அதையே சொல்லிக்கொண்டு போய்ச் சபையிலும் சொல்கிறான். புலவர்கள் சிரிக்கிறார்கள். ராஜாவுக்கு மட்டும் ஏதோ ஆழமான பொருள் இருப்பதாகச் சந்தேகம். பையனைச் சத்திரத்தில் தங்கவைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பாட்டையே முனகுகிறார்.

அதே நேரத்தில் வெளியே, அரண்மனைச் சுவரைக் கன்னக்கோலால் தோண்டுகிறார்கள் திருடர்கள். “பறபறன்னு பறிக்கிறியே” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. ஒருவன் எட்டிப் பார்க்கிறான், “தலையத் தூக்கிப் பாக்கிறியே.” எங்கள் பக்கத்தில் திருடன் சென்னைத் தமிழ்தான் பேசுவான்: “இன்னாபா, ராஜா பாத்துக்கினே கீறாரு!” பதுங்கினால் மூன்றாவது வரி, ஓட எழுந்தால் நான்காவது. கன்னக்கோலைப் போட்டுவிட்டுக் காலில் விழுந்தார்கள்.

பொன் மூட்டையோடு திரும்பியவனிடம், “யாருடா பாட்டு கட்டிக் கொடுத்தது?” என்று அம்மா கேட்க, “ஏரிக்கரைப் பெருச்சாளிம்மா” என்றானாம்.

இதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்று ராஜா புலவர்களின் வெண்கொற்றக்குடைப் பாட்டை முனகியிருந்தால், திருடன் நிம்மதியாகத் தோண்டி முடித்திருப்பான். பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பாட்டு என்பதால்தான் அது திருடனுக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

இன்று ராத்திரி பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கால்வாய் ஓரத்துப் பெருச்சாளி அவர்களுக்குத் தெரியாததா என்ன! முதல்முறை பாட்டைக் கணீரென்று சொல்லுங்கள். ராஜா முனகும்போது பாதித் தூக்கக் குரலில், வரிக்கு வரி நிறுத்திச் சொல்லுங்கள். நான்காவது வரி வருவதற்குள் பிள்ளைகளே திருடனாகி எழுந்து ஓடுவார்கள். நன்றி, வணக்கம்.