மீசை வைத்தது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழைய வீடியோ கேம்களை வளர்த்தது படைப்பாளியின் கற்பனையா, கருவியின் போதாமையா? போதாமையே!

எதிரணி நண்பர் ஒரு கேள்வியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "ஓட்டைக் கருவியைப் புகழ்பவர் வீட்டில் ஓட்டைப் பாத்திரத்திலா சமைக்கிறார்கள்?" ஆமாம் ஐயா! காலையில் பந்தியில் என் பக்கத்து இலை உங்களுடையது. எட்டு இட்லி. நான் எண்ணினேன். இட்லித் தட்டில் ஓட்டை இல்லாமல் ஆவி எந்த வழியாக வந்தது? இடியாப்ப அச்சின் ஓட்டையை அடைத்துவிட்டுப் பிழிந்து பாருங்கள். அட, உளுந்து வடையின் நடுவில் இருப்பது என்ன, உங்கள் கற்பனையா?

இப்போது மீசைக்கு வருகிறேன். 1981, ஜப்பான். 'டாங்கி காங்' விளையாட்டுக்காக ஷிகேரு மியாமோட்டோ ஓர் ஆளை வரைய வேண்டும். பிற்காலத்தில் மாரியோ என்று உலகம் அழைத்த ஆள். கிடைத்ததோ கைக்குட்டைக்கும் போதாத சில புள்ளிகள். வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார். குதிக்கும்போது பறக்கும் முடியை வரைய வழியில்லை, தொப்பி போட்டார். வீசும் கை உடம்போடு கலந்து போனது. கை தனியாகத் தெரிய வேறு நிறத்தில் வார் வைத்த கால்சட்டை மாட்டினார்.

பின்வரிசைக்காக மறுபடியும் சொல்கிறேன். வாய்க்கு இடமில்லை, மீசை! முடிக்கு வழியில்லை, தொப்பி! நம் ஊரில் மீசை வீரத்துக்கு. அங்கே இடப்பற்றாக்குறைக்கு. நடுவருக்கும் மீசை இருக்கிறது. காரணத்தை நான் கேட்கப்போவதில்லை.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். உங்கள் கைப்பேசிக்கு வரும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரியது. அதனால் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே ஓவியம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்.

இன்னும் ஒன்று. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியில், திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருத்துண்டுகள்தான், அதாவது ஆட்களையும் எதிரிகளையும் வரையும் சிறு படத்துண்டுகள்தான், தெரியும். ஒன்பதாவது வந்தால் மறைந்துவிடும். நிரல் எழுதியவர்கள் எவரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. முறை வைத்துக் காட்டினார்கள். அதனால் கூட்டம் கூடினால் எல்லோரும் விட்டுவிட்டு மின்னினார்கள்.

1990-களில் அதன் நகல் பெட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மாவுக்கு விளையாட்டு புரியாது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். "அந்தப் பிள்ளை ஏன்டா மறைந்து மறைந்து வருகிறான்? சாப்பிட்டானோ, இல்லையோ?" அவர் கேட்டது நான் சுட வேண்டிய எதிரியைப் பற்றி! இன்று அந்த எதிரிகள் துளியும் மின்னுவதில்லை. எட்டிப் பார்க்க அம்மாவும் இல்லை.

நடுவர் அவர்களே, என் வாதத்தில் ஓட்டை இருக்கலாம். எங்கள் அணிக்குத் தர மனமில்லாவிட்டால், தீர்ப்பை என் அம்மாவுக்காவது தந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.