வான்கதவு திறந்தால் ஓர் அறிவித்தல் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த மாரி மழையிலும் கல்லடிப் பாலத்தைக் கடந்து வந்து அமர்ந்திருக்கும் சபையோரே, வணக்கம்.

'நிகழ்வு வெள்ளம் வரும்போது கணினிக் கண்காணிப்பு அமைப்பு அலேர்ட்டுகளை அடக்க வேண்டுமா, ஒன்றும் விடாமல் அறிவிக்க வேண்டுமா' என்பது இன்றைய தலைப்பு. அலேர்ட் என்பது கணினி அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி; நிகழ்வு வெள்ளம் என்பது அப்படிப்பட்ட செய்திகள் ஒரே நேரத்தில் திரண்டு குவிவது. அடக்க வேண்டும் என்ற அணிக்காக நான் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அதன் வாயைப் பொத்தாதீர்கள்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் 228 பிள்ளைகள் அழுதால் எந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே பசி என்பதைப் பெற்ற தாயாலும் சொல்ல முடியாது. அந்த எண்ணை நான் கற்பனையாகச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், இதுபோன்ற ஒரு மழை இரவில், நான் பணிபுரிந்த நிறுவனத்தின் கல்முனைக் கிளைக்குச் செல்லும் ஃபைபர் இணைப்பு அறுந்தது. அந்தக் கிளையில் நாங்கள் கண்காணித்த கருவிகள் 38. ஒவ்வொன்றுக்கும் ஆறு சோதனைகள். ஆகவே 228 அலேர்ட்டுகள் ஒரே மூச்சில் என் கைபேசிக்கு வந்தன. பிறகு இணைப்பு திரும்பியதும், 'சரியாகிவிட்டது' என்று இன்னும் 228. அன்றிரவு அந்த இணைப்பு மூன்று முறை போய் மூன்று முறை வந்தது. கணக்குப் போட்டால் 1,368 குறுஞ்செய்திகள். பழுதானதோ ஒரே ஒரு கம்பி. கைபேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், கடைசியில் அதைக் கவிழ்த்து வைத்துத் தலையணையால் மூடினேன். மட்டக்களப்பிலுள்ள எங்கள் தலைமை அலுவலகத்தில் மின்சாரம் போய், மின்பிறப்பாக்கி தானாக இயங்கத் தவறி, மின்தடையில் சேர்வர் அறையைத் தாங்கும் யூ.பி.எஸ். பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது என்ற செய்தியும் அந்தக் குவியலுக்குள்தான் கிடந்தது. விடியற்காலையில் சேர்வர்கள் இருட்டில் விழுந்தன. டேட்டாபேஸை மீட்டெடுக்க மறுநாள் மதியமாயிற்று.

இங்கே சபை ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் அமைப்பு அன்று எதையும் மறைக்கவில்லை. எதிரணி கேட்பதுபோலவே அனைத்தையும் அறிவித்தது. கடைசியில் அடக்குதல் நடக்கத்தான் செய்தது; ஆனால் அதைச் செய்தது யோசித்து எழுதிய விதி அன்று, தூக்கம் கெட்ட ஒரு மனிதனின் தலையணை. விதி எழுதாத இடத்தில் தலையணை விதியாகிவிடுகிறது.

இது கணினித் துறைக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸிலுள்ள மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்ந்தபோது, அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் ஆலையை இயக்கிய இரண்டு பணியாளர்களின் முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்திருந்தன என்று பிரித்தானியப் பாதுகாப்பு அதிகாரிகளின் விசாரணை பதிவு செய்தது. ஒன்றுக்கு இரண்டரை விநாடிகூட இல்லை. ஆலைகளுக்கான எச்சரிக்கை மேலாண்மைத் தரங்கள், ஒரு மனிதருக்கு 10 நிமிடங்களில் 10 எச்சரிக்கைகளைத் தாண்டினாலே அதை வெள்ளம் என்று கணக்கில் எடுக்கின்றன. என் கைபேசி அன்று எந்தக் கணக்கில் நின்றது என்பதைச் சபையே சொல்லட்டும்.

எதிரணித் தம்பி, 2004 டிசம்பர் 26 ஆம் நாளை நினைவூட்டி, 'எச்சரிக்கை வராமல் உறவுகளைக் கொடுத்த கரையில் நின்றுகொண்டு எச்சரிக்கையை அடக்கச் சொல்கிறீர்களா' என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன் எல்லோரும் சற்றுத் தலைகுனிவோம், நானும் குனிகிறேன். ஆனால் அன்று இந்து சமுத்திரத்தில் ஆழிப்பேரலைக்கான எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. இல்லாத எச்சரிக்கையை எவரும் அடக்கவில்லை. அதன் பின்னர்தான் நம் கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து, எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, இந்தக் கரையின் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உட்பக்கம் ஓடினார்கள். சுமத்ராப் பக்கம் நிலம் அடிக்கடி நடுங்குகிறது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் கோபுரம் ஊதியிருந்தால் அன்று எத்தனை பேர் ஓடியிருப்பார்கள் என்பதைத் தம்பியே எண்ணிப் பார்க்கலாம்.

இனி அடக்குதல் என்றால் என்ன என்று பார்ப்போம். எதிரணி அடித்தது வேறொன்றை என்று நினைக்கிறேன். லினக்ஸ் இயங்குதளக் கணினிகளில் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஜர்னல் சேவை, இயல்பான அமைப்பில், ஒரு சேவையிலிருந்து 30 விநாடிகளில் வரும் பதிவுகள் 10,000 என்ற அடிப்படை அளவை (வட்டில் இடம் மிஞ்சியிருந்தால் அது கூடும்) தாண்டினால் மிஞ்சியதைக் கைவிட்டு, இத்தனையைக் கைவிட்டேன் என்று ஒரு வரி எழுதி வைக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் இந்த முறை, வட்டு நிறைந்துவிடாமல் காக்க நல்லது, அலேர்ட்டுக்கு ஆகாது. யூ.பி.எஸ். செய்தி 229 ஆவதாக வந்திருந்தால் அதுவும் சேர்ந்தே போயிருக்கும். இந்த வகையை எதிர்ப்பதில் எதிரணியோடு நானும் நிற்கிறேன்.

நாங்கள் கேட்பது எது எதைச் சார்ந்திருக்கிறது என்று அறிந்து அடக்குவதை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தால் தாழ்நில மக்களுக்கு ஓர் அறிவித்தல் வருகிறது. ஒவ்வொரு வயலின் வரம்பும் மூழ்க மூழ்கத் தனித்தனி அறிவித்தல் வருவதில்லை. நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில், இணைப்பை வழிநடத்தும் ஒரு ரவுட்டரை அதற்கு அப்பாலுள்ள கருவிகளின் 'பெற்றோர்' என்று எழுதி வைத்தால், ரவுட்டர் விழும்போது அந்தக் கருவிகளை 'விழுந்தன' என்று சொல்லாமல் 'எட்ட முடியவில்லை' என்று அது வேறுபடுத்துகிறது. கல்முனையின் 38 கருவிகளும் அன்று நலமாகத்தான் இருந்தன. ஆகவே எங்களுக்கு வந்த அந்த 228 செய்திகளும் பொய். பொய்யை அடக்குவதையா எதிரணி மறைத்தல் என்கிறது? இணைப்பு போவதும் வருவதுமாய் ஆடினால், கடைசி 21 சோதனை முடிவுகளில் எத்தனை முறை நிலை மாறியது என்று பார்த்து, ஆட்டம் தணியும்வரை அறிவித்தலை நாகியோஸ் நிறுத்தியும் வைக்கும்.

புரோமிதியஸ் என்ற இன்னொரு கண்காணிப்பு மென்பொருளுடன் இயங்கி அறிவித்தல்களை அனுப்பும் அலேர்ட்மேனேஜரிலும் இதற்கு வழி இருக்கிறது. இணைப்பு அறுந்தது என்ற அலேர்ட் எழும்போது, அதே கிளையின் மற்ற அலேர்ட்டுகள் அறிவிக்கப்பட வேண்டாம் என்று ஒரு தடுப்பு விதி. 'அதே கிளை' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. அலேர்ட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டுத்தான் லேபிள்; எந்த லேபிள் இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்று விதியில் குறிப்பிடுகிறோமோ, அந்த லேபிள் இரண்டு அலேர்ட்டுகளிலுமே இல்லாவிட்டால், இல்லாமையும் ஒப்புமையாகவே எடுத்துக்கொள்ளப்படும்; விதி பாய்ந்துவிடும். எதிரணிச் சகோதரி சொன்ன கதையில், ஒரு கிளையின் இணைப்புப் பழுது தலைமை அலுவலகத்தின் வட்டு நிறைந்த செய்தியை விழுங்கியது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அது லேபிள் ஒட்டாதவரின் பிழை. பூட்டை மாற்றி மாட்டியவர் பூட்டே கூடாது என்று வாதாடலாமா?

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன், நானே சறுக்கிய இடம் அது. அந்த இரவுக்குப் பிறகு நான் முதலில் எழுதிய விதிகளில், இணைப்பு இரண்டு நிமிடம் விழுந்திருந்தால்தான் அலேர்ட் என்றும், கருவிகள் ஒரு நிமிடம் விழுந்தாலே அலேர்ட் என்றும் எழுதி வைத்திருந்தேன். பிள்ளைகள் தாயை முந்திக்கொண்டன. மற்றவற்றைத் தடுக்க வேண்டிய இணைப்பு அலேர்ட் பிறக்கும் முன்பே 228 செய்திகளும் மறுபடி புறப்பட்டுவிட்டன. இணைப்பின் காத்திருப்பைக் குறைத்து, குழுவாக அனுப்பும் முன் இயல்பாக இருக்கும் 30 விநாடிப் பொறுதியையும் விட்டுவைத்த பிறகுதான் ஒழுங்கு வந்தது.

அடக்கியது அழிந்துபோகும் என்று எதிரணியினர் பயமுறுத்தினார்கள். தடுக்கப்பட்ட அலேர்ட் அலேர்ட்மேனேஜரின் திரையிலேயே தடுக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டுக் கிடக்கிறது; ஒரு சொடுக்கில் பார்க்கலாம். பராமரிப்பு நேரத்தில் அறிவித்தலை நிறுத்தக் கையால் போடும் 'மௌன'த்துக்கோ முடிவு நேரம் கொடுக்காமல் அதை ஏற்படுத்தவே முடியாது. மறந்துபோனவரின் மௌனமும் நேரம் வந்தால் தானாகக் கலையும். என் தலையணைக்கு அப்படியொரு கடிகாரம் இருக்கவில்லை.

விதிகளைத் திருத்திய அடுத்த மாரியில் அதே கல்முனை இணைப்பு மீண்டும் அறுந்தது. இரவு ஒன்றே காலுக்கு என் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. முதலாவது இணைப்பைப் பற்றியது. விடியட்டும் என்று விட்டேன். இரண்டாவது யூ.பி.எஸ். பற்றரியைப் பற்றியது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மின்பிறப்பாக்கி அறைக்குப் போனேன். டீசல் வால்வு மூடிக் கிடந்தது.

நேரமணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.