யூஎஸ் ஷிஃப்ட்ல பர்ன்அவுட் வராம இருக்க

[திரையில்: இரவு, ஓஎம்ஆர். ஆபீஸ் வாசல்ல கேப் வரிசை]

மாலை 6.30க்கு ஷிஃப்ட் ஏறி, 3.30க்கு இறங்கி, 4.30க்கு வீடு. இந்த ரோஸ்டர்ல இருக்கறவங்களுக்கான வீடியோ இது.

பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் அதோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11ல நோயா சேர்க்கலை. சமாளிக்கப்படாத, நாள்பட்ட வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னுதான் சொல்லுது. மூணு அடையாளம்: சக்தி வத்திப்போறது, வேலை மேல வெறுப்பு, ‘நம்மால ஒண்ணும் ஆகலை’ங்கற நினைப்பு. அசதி எல்லாருக்கும் வரும். டிக்கெட், அதாவது கஸ்டமர் அனுப்பின புகார், எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு தோண ஆரம்பிச்சா உஷாராயிடுங்க. பத்து நாள் லீவு போட்டாலும், அதே ரோஸ்டருக்குத் திரும்பினா அதே கதைதான்.

முதல்ல தூக்கம். 5 மணிலேர்ந்து 12 வரை, ஏழு மணி நேரம். இதைக் கெடுக்கறது வெயிலும் வீடும். கண்ணுல வெளிச்சம் பட்டா, விடிஞ்சிடுச்சுன்னு உடம்புக் கடிகாரம் முடிவு பண்ணிடும். அதனால கனமான திரை, இல்லைன்னா கண்பட்டி. போன் சைலன்ட்ல, வீட்டு நம்பர் மட்டும் அடிக்கற மாதிரி. கூரியர், சிலிண்டர் எல்லாம் மதியத்துக்கு மேல வர ஏற்பாடு பண்ணுங்க.

[திரையில்: காபி கப், பக்கத்துல கடிகாரம்]

அடுத்தது காபி. குடிச்ச கஃபீன் உடம்புல பாதியா குறையவே சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி ரெண்டு மணிக்குக் குடிச்சா, படுக்கும்போது பாதிக்கு மேல உள்ளேயே இருக்கும். தூக்கம் வந்தாலும் ஆழமா இருக்காது. கடைசி கப் 11 மணிக்குள்ள. அதுக்கப்புறம் கண் சொருகினா பிரேக்ல 20 நிமிஷம் கண்ணயரலாம், அலாரம் வெச்சுட்டு. அரை மணியைத் தாண்டினா ஆழ்ந்த தூக்கத்துல எழுப்பின மாதிரி தலை கிறுகிறுன்னு இருக்கும். ஒரு மணிக்குப் பரோட்டா வேண்டாம், படுத்ததும் நெஞ்செரிச்சல்தான்.

நிறைய பேர் சொதப்பறது வாரக்கடைசியில. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கே படுத்து முழுசா பகல் வாழ்க்கைக்கு மாறிடுவாங்க, திங்கட்கிழமை உடம்பு ஒத்துழைக்காது. லீவு நாள்ல 3 மணிக்குப் படுத்து 10க்கு எழுந்திருங்க. அஞ்சுலேர்ந்து பத்து வரை தினமும் தூக்கம்ங்கறது மாறாம இருக்கும்.

நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காவுல கடிகாரம் மாறினதும் ஷிஃப்ட் 7.30க்குப் போகும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு திரும்ப 6.30. மார்ச்தான் கஷ்டம், சீக்கிரம் எழுந்திருக்கணுமே. நாலு நாள் முன்னாடியே தினம் கால் மணி நேரம் தூக்கத்தை நகர்த்துங்க.

லாகவுட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அடுத்து வர்றவங்களுக்கான ஹேண்ட்ஓவர் குறிப்பும் நாளைக்கான மூணு வேலையும் எழுதிட்டு, ஆபீஸ் நோட்டிஃபிகேஷனை ஆஃப் பண்ணிடுங்க. காலை 11 மணிக்கு இந்தியா டீம் கால் வைக்கறாங்களா? அது உங்களுக்கு நடுராத்திரி. ஒரு மணிக்கு முன்னாடி கிடைக்க மாட்டேன்னு மேனேஜருக்கு மெயில்லயே எழுதுங்க. வாய்ல சொன்னா ரெண்டு வாரத்துல மறந்துபோகும். ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் பார்த்தா எந்தத் தூக்கமும் ஈடுகட்டாது, அங்கே ஆளைத்தான் கேட்கணும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 குறைஞ்சாலும் இதே அசதி வரும். ஒரு தடவை ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பில்லாம மனசு கனத்தா, அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸுக்குப் போன் பண்ணுங்க, 14416. இலவசம், தமிழ்ல பேசலாம், உங்க ஷிஃப்ட் நேரத்துலயும் எடுப்பாங்க.