ஜன்னலை விட்டுப் பரணில் ஏறுவது ஏன்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ‘வெதரைசேஷன்’ என்றொரு உதவி உண்டு. குளிர்கால பில்லைக் கட்டித் தருவது வேறு திட்டம். இது வீட்டைச் சரிசெய்து பில்லையே குறைப்பது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1976-இல் சட்டமானது. மத்திய எரிசக்தித் துறையின் பணம் மாநிலம் வழியாக உள்ளூர் சேவை அமைப்புகளுக்குப் போகிறது, விண்ணப்பமும் அங்கேதான். வருமானம் வறுமைக்கோட்டில் 200 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் தேவை.

வீட்டுக்கு வருபவர்கள் புது ஜன்னல் போடுவார்கள் என்றுதான் பலரும் காத்திருக்கிறார்கள். அவர்களோ பரணில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில், ஏறுகிறார்கள். காரணம் இருக்கிறது. முதலில் வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி, வெளியைவிட உள்ளே 50 பாஸ்கல் அழுத்தம் குறையும்படி காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது ஓட்டைகள் தாமே காட்டிக்கொடுக்கும். புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, குழாய்கள் கூரைக்கு ஏறும் துளை, சுவர்களின் மேல்விளிம்பு என எல்லாம் பரணில் இருக்கும். சூடான காற்று இவற்றின் வழியே மேலே தப்பும். ஈடாகக் குளிர்காற்று கீழிருந்து உள்ளே நுழையும்.

ஆகவே முதலில் ஓட்டைகளை அடைப்பது, பிறகுதான் செல்லுலோஸ் என்ற காகித நார்க் காப்புப்பொருளை (வெப்பம் வெளியேறாமல் தடுப்பது) நிரப்புவது. வரிசையை மாற்றினால் பணம் வீண். தளர்வாகக் கொட்டிய காப்புப்பொருள் காற்றை முழுதாகத் தடுக்காது. ஈரக்காற்று அதையும் கடந்துபோய், குளிர்ந்த கூரைப்பலகையில் நீராகப் படிந்து பூஞ்சை பிடிக்கும். புகைபோக்கியருகே ஃபோம் அடிக்கக் கூடாது. தகடும் வெப்பம் தாங்கும் பசையும்தான். அறைகளுக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் இணைப்புகளுக்கு மாஸ்டிக் என்ற பசை பூச வேண்டும். துணி டேப் சில ஆண்டுகளில் காய்ந்து உரியும்.

வீட்டை இறுக்கி மூடுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை தானாக மேலேறிப் போவதை நம்பியிருக்கும் வீட்டில், சமையலறை விசிறியும் துணி உலர்த்தியும் சேர்ந்து காற்றை இழுத்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதனால் எல்லா விசிறிகளையும் ஓடவிட்டு, அந்த மோசமான நிலையிலும் புகை வெளியேறுகிறதா என்று வேலைக்கு முன்னும் பின்னும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் காற்றோட்ட விசிறியும் பொருத்துவார்கள். இந்தச் சோதனையைத் தொந்தரவு என்று எண்ணி யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ஜன்னலுக்கு வருவோம். ஒவ்வொரு வேலையும் அதன் ஆயுளுக்குள் போட்ட பணத்தையாவது மிச்சப்படுத்த வேண்டும் என்பது விதி. புது ஜன்னல் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தேறாது.

கூரை ஒழுகல், கல்நார் கலந்திருக்கக்கூடிய வெர்மிகுலைட் என்ற பழைய காப்புப்பொருள், பழங்கால மின்கம்பிகள் இருந்தால் வேலையைத் தள்ளிவைப்பார்கள். அது நிராகரிப்பு அல்ல. காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இத்தகைய பழுதுகளுக்கென 2022 முதல் தனி நிதியும் இருக்கிறது. உங்கள் ஊர் அமைப்புக்கு அது கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

முடிவில் சான்றிதழ் பெற்ற தர ஆய்வாளர் வருவார். பரணை அவர் ஏறிப் பார்த்தாரா, விசிறிச் சோதனையின் முன்-பின் அளவுகள் என்ன என்று கேளுங்கள். குறையிருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை முடித்த வீட்டுக்குப் பொதுவாக 15 ஆண்டுகள் மறுபடி இந்த உதவி கிடைக்காது.