பாதி வீடு

வணக்கங்க. ஆர்க்கிடெக்ட்னாலே பங்களா, கண்ணாடி பில்டிங்னுதான் நினைப்பாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது, நாங்க முக்காவாசி பேர் அதைத்தான் பண்ணிட்டு இருக்கோம். இன்னிக்கு நான் பேச வந்தது வேற மாதிரி ஒரு வேலைய பத்தி.

தென் அமெரிக்காவுல சிலி நாட்டோட வடக்குப் பக்கம் இக்கிகேன்னு ஒரு துறைமுக ஊரு. அங்க ஊருக்கு நடுவுல அரை ஹெக்டேர் இடம், ஒண்ணேகால் ஏக்கர்கூட முழுசா வராது, அதுல கிட்டத்தட்ட 100 குடும்பம் 30 வருஷமா இடத்துக்கு உரிமைன்னு ஒரு காகிதம்கூட இல்லாம குடிசை போட்டு இருந்தாங்க. இவங்களுக்கு வீடு கட்டிக்குடுக்கற வேலை அந்த நாட்டு ஆர்க்கிடெக்ட் அலெஹாந்த்ரோ அரவேனாவோட எலெமெண்டல்ங்கற டீமுக்கு வந்துச்சு. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். அதுக்குள்ளதான் நிலம் வாங்கணும், தண்ணி, சாக்கடை லைன் போடணும், வீடும் கட்டணும்.

வழக்கமா என்ன பண்ணுவாங்க? ஊருக்கு வெளிய எங்கயாவது சல்லிசா இடம் பாத்து எல்லாரையும் அள்ளிட்டு போய் விட்ருவாங்க, அப்புறம் வேலைக்கு போக பஸ் காசு, புள்ளைங்களுக்கு ஸ்கூல் தூரம், வீடு கெடச்சும் பொழப்பு போச்சு. இங்க அப்படி செய்யல. வழக்கமா இந்த மாதிரி வீடுகளுக்கு வாங்கற நிலத்தவிட மூணு மடங்கு விலை, இருந்தும் அதே இடம்தான்னு நின்னாங்க. சரி, அடுக்குமாடி கட்டலாமேன்னா, அந்த பேச்ச எடுத்தாலே உண்ணாவிரதம் இருப்போம்னுட்டாங்க ஜனங்க. குட்டி ஃபிளாட்ல பின்னாடி ஒரு ரூம் சேத்துக்கவா முடியும்?

அதனால சின்ன வீட்டுக்கு பதிலா, நல்ல வீட்ல பாதிய மட்டும் கட்டுனாங்க. கிச்சன், பாத்ரூம், மாடிப்படி, பக்கத்து வீட்டோட சேர்ற சுவர், அதாவது அந்த குடும்பம் தானா கட்ட சிரமப்படுற பாதி. பக்கத்துல அதே அளவு காலி இடம். 36 சதுர மீட்டர்ல ஆரம்பிச்சு கைல காசு சேரச்சேர 70 வரைக்கும் போகலாம். 2004ல முடிஞ்சுது.

எனக்கு ரொம்ப புடிச்சது வேற ஒண்ணு. வாட்டர் ஹீட்டரா, பாத்டப்பா, ரெண்டுல ஒண்ணுதான்னு ஜனங்ககிட்ட கேட்டாங்களாம். பாத்டப்னு எல்லாரும் ஒரே மூச்சா சொல்லிட்டாங்க. ஹீட்டர் குடுத்தா வித்துருவோம், கேஸ் பில்லு யார் கட்றதுன்னு. நாங்களா உக்காந்து டிசைன் பண்ணியிருந்தா ஹீட்டர்தான் வெச்சிருப்போம், சத்தியமா.

நம்ம இந்தூர்ல ஆர்க்கிடெக்ட் தோஷி செஞ்ச அரண்யா குடியிருப்பும் கிட்டத்தட்ட இதே யோசனைதான், அதுவும் 1980கள்லயே. அங்க கக்கூஸ், தண்ணி லைனோட மனைய குடுத்து மிச்சத்த நீங்களே கட்டிக்கங்கன்னாங்க.

2016ல அரவேனாவுக்கு ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு நோபல் மாதிரியான பிரிட்ஸ்கர் பரிசு கெடச்சப்ப அவங்க டீம் நாலு வீட்டு டிசைனோட டிராயிங்க யாரு வேணா எடுத்துக்கலாம்னு இலவசமாவே குடுத்துச்சு. ஆனா ஒரு விமர்சனம் இருக்கு, அதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்: பாதி கட்டுனா போதும்னு அரசாங்கம் நழுவிக்காதா? சம்பாதிக்க ஆளில்லாத வீட்ல மிச்ச பாதிய யார் கட்டுவா? இதுக்கு டிராயிங்ல பதில் கெடையாது, மானியத் தொகைய முடிவு பண்றவங்ககிட்டதான் கேக்கணும், நான் இத்தனை மீட்டிங் போயிருக்கேன், ஒருதடவகூட வாயத் தொறந்து கேட்டதில்ல.