எழுத்துக் கூட்டுவதற்கு முன் காது: வீட்டில் பிள்ளைக்கு வாசிப்புப் பழக்குவது எப்படி

[காட்சி: தட்டில் பரப்பிய பச்சையரிசி. பெரியவர் ஒருவரின் கை சின்னச் சுட்டுவிரலைப் பிடித்து 'அ' எழுதுகிறது.]

வணக்கம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் அடுத்து நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். கொப்பி வாங்கியிருப்பீர்கள். பக்கம் முழுக்க 'அ' எழுத வைத்திருப்பீர்கள். நானும் என் மகளுக்கு அதைத்தான் செய்தேன். இரண்டு கொப்பி முடிந்தபோது அவள் கை முத்து முத்தாக எழுதியது. ஆனால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கடைப் பலகையைக் காட்டி, "அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டபோது முழித்தாள். பலகையில் இருந்தது 'அரிசி'. அவள் எழுத்தை வரையப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். வாசிக்க நான் பழக்கவே இல்லை.

மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக இதைப் பேசுகிறேன்.

[காட்சி: திரையில் இரண்டு சொற்கள். இடப்பக்கம் 'வாறன்', வலப்பக்கம் 'வருகிறேன்'.]

எங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்பு ஏன் கடினம் என்று கேட்டால், பலரும் எழுத்துகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த இரண்டு சொற்கள். பிள்ளை நாள் முழுக்கக் கேட்பது 'வாறன்', 'எண்டு', 'கதைக்கேக்க'. புத்தகத்தைத் திறந்தால் அங்கே இருப்பது 'வருகிறேன்', 'என்று', 'பேசும்போது'. வ, ரு, கி, றே, ன் என்று சரியாக எழுத்துக் கூட்டி முடித்தாலும், அப்படி ஒரு சொல்லைக் காது முன்பே கேட்டிருக்காவிட்டால் பொருள் பிடிபடாது.

ஒருநாள் மகள் ஒரு கதை வரியை வாசித்தாள். "நாளை வருகிறேன் என்றது காகம்" என்று இருந்ததை, விரலை வைத்து, "நாளைக்கு வாறன் எண்டது காகம்" என்றாள். நான் உடனே "பிழை" என்றேன். முகம் சுருங்கிப் புத்தகத்தை மூடிவிட்டாள். அன்றிரவு யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, அவள் பொருளை முழுதாகப் பிடித்திருக்கிறாள். இப்போது அப்படி வந்தால், "ஓம், நாங்கள் கதைக்கேக்க அப்பிடித்தான் சொல்லுவம். புத்தகம் எப்பிடிச் சொல்லுது எண்டு பாப்பமா?" என்று விரலை அதே சொல்லுக்குத் திரும்பக் கொண்டு போகிறேன்.

ஆகவே முதல் வேலை, சத்தமாக வாசித்துக் காட்டுவது. பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொற்களுக்குக் கீழே விரலை ஓட விடுங்கள். வரியை உள்ளபடியே வாசியுங்கள். விளங்கவில்லை என்றால் எங்கள் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு, அதே வரியைத் திரும்ப வாசியுங்கள். கதை முழுவதையும் பேச்சுக்கு மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், புத்தகத் தமிழ் காதில் விழ வேறு இடமே இல்லை. "நேற்று வாசிச்ச கதைதான் வேணும்" என்று அடம்பிடித்தால் சந்தோசப்படுங்கள். பத்தாவது தடவையில் அடுத்த வரியை உங்களுக்கு முன்னால் பிள்ளை சொல்லும்.

[காட்சி: அடுப்படி. புட்டு அவிகிறது. பக்கத்தில் பிள்ளை கை தட்டுகிறது.]

அப்புறம் ஓசை. இதற்குப் புத்தகமே வேண்டாம். பனங்கிழங்கை எடுத்துக்கொண்டு, ப, னங், கி, ழங், கு என்று ஐந்து தட்டுத் தட்டுங்கள். 'அம்மா'வுக்கு இரண்டு தட்டு. "க-வில தொடங்கிற சாமான் குசினியில என்ன இருக்கு?" என்று கேளுங்கள். கத்தி, கடுகு, கரண்டி என்று வரும். சொல்லைத் துண்டாக்கிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவது பாதி வேலைதான்.

[காட்சி: 'கொ' என்ற எழுத்து மூன்றாகப் பிரிந்து, திரும்ப ஒன்றுசேர்கிறது.]

இனி எழுத்து. மொத்தம் 247 என்று பயப்படுத்த வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216-உம் உயிரும் மெய்யும் சேர்ந்து பிறப்பவை. அவற்றில் பெரும்பாலானவை ஒழுங்காகவே வரும். 'கா' தெரிந்தால் 'மா', 'பா' வந்துவிடும். உகர, ஊகார வரிசைதான் கு, சு, து, பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அதற்கு மட்டும் ஆறுதலாக நேரம் கொடுங்கள்.

உண்மையான தடங்கல் கொம்பு. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் அதன் ஓசை க் என்ற ஓசைக்குப் பிறகுதான் வருகிறது. 'கொ' என்றால் இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் அரவு. இடமிருந்து வலமாகப் போ என்று பிள்ளைக்கு நாங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, இங்கே அது தடுமாறினால் 'கவனமில்லை' என்கிறோம். மட்டையில் கொம்பு, அரவு, எழுத்து என்று தனித்தனியாக வெட்டிக் கொடுங்கள். 'க'வுக்கு முன்னால் கொம்பை வைத்து "கெ" என்று சொல்லட்டும். அரவையும் வைத்தவுடன் "கொ". கையால் நகர்த்திப் பார்த்த பிள்ளைக்குக் கண் பழகிவிடும்.

ழகரத்தை எங்களில் பலர் ளகரமாகவே சொல்கிறோம். அதனால் 'கிழமை' என்று எழுதும்போது "சொல்லிப் பார்த்து எழுது" என்றால் உதவாது. கண்ணால் பலமுறை பார்த்த சொல்தான் சரியாக வரும்.

[காட்சி: யாழ் பஸ் நிலையம். பஸ்ஸின் முன்கண்ணாடியில் 'பருத்தித்துறை' என்ற பலகை.]

வெளியே போனால் பலகைகளை விடாதீர்கள். பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். எது எங்கள் எழுத்து என்று கண்டுபிடிப்பதே நாலு வயதுக்கு நல்ல விளையாட்டு. ஊர் வாசிகசாலைக்குப் பத்திரிகை பார்க்கப் போகிறீர்களா, கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய தலைப்பில் தெரிந்த எழுத்து ஒன்றைத் தேடட்டும். யாழ் பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்ட இடம் அது. அங்கே ஒரு பிள்ளை தரையில் குந்தியிருந்து படம் பார்ப்பதைக் காணும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தரம் இரண்டு முடியும் நேரத்திலும் பிள்ளை மிகவும் கஷ்டப்பட்டால், அடிக்கவோ ரியூசனுக்கு அனுப்பவோ முன்னர் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். ஆசிரியருடன் கதையுங்கள்.

[காட்சி: கைபேசித் திரை. அம்மம்மா கண்ணாடியைச் சரிசெய்து, புத்தகத்தைக் கமராவுக்கு முன் பிடிக்கிறார்.]

வெளிநாட்டில் பேரப்பிள்ளை உள்ள அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் இதில் பங்கு இருக்கிறது. வீடியோ கோலில் "சாப்பிட்டியா?" முடிந்ததும் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். எழுத்து பிள்ளைக்குத் தெரியும்படி புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, பின்னாலிருந்து விரலை வைக்க வேண்டும். முதல் நாள் கை நடுங்கும், வரி மாறிப்போகும். அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளை சொல்லும்: "அம்மம்மா, அதுக்குக் கீழ் வரி."