கல்லோட அடர்த்தி, எண்ணெயோட அடர்த்தி: லேப்ல எங்க சொதப்புறோம்?

(திரையில்: உள்ளங்கையில ஒரு கருங்கல் ஜல்லி)

வணக்கம் மக்களே. இது ரோடு போடுற இடத்துல பொறுக்குன ஜல்லி. இதோட அடர்த்தியைக் கண்டுபிடிக்கணும், அதாவது நிறையை பருமனால வகுக்கணும், ஃபார்முலா அவ்ளோதான், ஏழாங்கிளாஸ் பையன்கூட சொல்லிடுவான். ஆனா லேப்ல போய் செஞ்சா பத்து பேருக்கு பத்து விடை வருது. எங்க கிளாஸ்ல அப்படி வரவே இல்ல, ஏன்னா ஒருத்தன் எடுத்த ரீடிங்கைத்தான் மொத்த பேரும் ரெக்கார்டுல எழுதுனோம், அது வேற கதை.

நிறையில பெருசா தப்பு வராது. டிஜிட்டல் தராசுல வச்சேன், 27.1 கிராம், முடிஞ்சுது. வில்லங்கம் எல்லாமே பருமன்லதான்.

(திரையில்: 100 மி.லி. மெஷரிங் ஜார், தண்ணி 60ல நிக்குது)

கல்லை நூல்ல கட்டிக்கோங்க. சும்மா தொப்புன்னு போட்டீங்கன்னா தண்ணி தெறிக்கும், கண்ணாடி ஜாரா இருந்தா அடி உடையும், லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கிட்ட யாரு பேச்சு வாங்குறது. மெதுவா இறக்குங்க, இறக்கிட்டு நூலை ரெண்டு ஆட்டு ஆட்டுங்க, ஏன்னா கல்லுல ஒட்டியிருக்கிற காத்துக் குமிழும் இடத்தை அடைச்சுக்கும், பருமன் கூடுதலா காட்டும். இப்போ கேமராவை கிட்ட கொண்டு வர்றேன் பாருங்க, தண்ணி ஓரத்துல மேல ஏறி நடுவுல குழிஞ்சிருக்கு இல்ல, அந்தக் குழியோட அடியைத்தான் படிக்கணும், அதுவும் குனிஞ்சு கண்ணை அதே மட்டத்துக்கு கொண்டு வந்து. நின்ன வாக்குல மேலேர்ந்து பாத்தா கோடு மாறித் தெரியும். ஜாருக்குப் பின்னாடி ஒரு கறுப்பு பேப்பர் வச்சா குழி பளிச்சுன்னு தெரியும்.

70. அப்போ பருமன் 10 மி.லி., அடர்த்தி ஒரு மி.லி.க்கு 2.71 கிராம். கருங்கல்லு பெரும்பாலும் 2.6லேர்ந்து 2.8க்குள்ள வரும், சோ ஓகே.

ஆனா ஒரே ஒரு கோடு தப்பா 71ன்னு படிச்சிருந்தா? 2.46. 69ன்னு படிச்சிருந்தா 3.01. ஒரே கல்லு! இதுவே 5.4 கிராம்ல ஒரு பொடிக்கல்லை எடுத்திருந்தீங்கன்னா தண்ணி ரெண்டே கோடுதான் ஏறும், அதுல ஒரு கோடு தப்புனா விடை 5.4ம் வரலாம், 1.8ம் வரலாம். அதனால நான் என்ன பண்ணுவேன்னா, ஒரே ரகக் கல்லு மூணை சேத்து போடுவேன். 81.3 கிராம், தண்ணி 30 கோடு ஏறுது, இப்போ ஒரு கோடு தப்புனாலும் 2.71 வர்ற இடத்துல 2.62 வரும், மானம் போகாது.

இதை விட எனக்குப் பிடிச்ச வழி ஒண்ணு இருக்கு.

(திரையில்: தராசு மேல தண்ணி பீக்கர், ரீடிங் 0)

பீக்கரை தண்ணியோட தராசு மேல வச்சு ஜீரோ பண்ணிடுங்க. ஒரு கல்லை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா தொங்க விடுங்க, அடியிலயோ பக்கத்துலயோ இடிக்கக் கூடாது, நூலை கையிலயே பிடிச்சிருக்கணும். தராசு 10.2ன்னு காட்டுது. கல்லோட எடையை நம்ம கை தாங்குது, அப்புறம் இந்த 10.2 எங்கேர்ந்து வந்துச்சு? தண்ணி கல்லை மேல தள்ளுது, அதே அளவுக்கு கல்லு தண்ணியை கீழ தள்ளுது, அந்தத் தள்ளல்தான் தராசுல தெரியுது. விலகுன தண்ணியோட எடைதான் அது, ஆர்க்கிமிடீஸ் சொன்னதேதான். ஒரு கிராம் தண்ணி ஒரு மி.லி., சோ பருமன் 10.2. அடர்த்தி 2.66. ஜார்ல கண்ணுக்கே தெரியாத அந்த 0.2 இங்க மாட்டிக்கிச்சு பாத்தீங்களா.

மெழுகு மிதக்குமேன்னு கேப்பீங்க, அதோட கல்லை சேத்துக் கட்டி முக்குங்க, கல்லோட பருமனை மட்டும் கழிச்சுடுங்க. கல்லுப்புன்னா தண்ணி வேண்டாம், கரைஞ்சிடும், ஜார்ல மண்ணெண்ணெய் ஊத்தி அளங்க. சாக்பீஸை மட்டும் கொண்டு வராதீங்க, அது தண்ணியைக் குடிச்சிட்டு உக்காந்திருக்கும்.

அடுத்து தேங்காய் எண்ணெய். இங்க நிறைய பேரு பண்ற தப்பு, எண்ணெயை பீக்கர்ல எடை போட்டுட்டு அப்புறம் ஜார்ல ஊத்துவாங்க, ஆனா பீக்கர் சுவத்துல ஒட்டுனது அங்கயே நின்னுடும், எடை போட்டது ஒண்ணு அளந்தது ஒண்ணு. காலி ஜாரை முதல்ல எடை போடுங்க, 98.4. அதுலயே 50 மி.லி. ஊத்தி மறுபடி போடுங்க, 144.3. வித்தியாசம் 45.9, ஐம்பதால வகுத்தா 0.918.

லேப்ல டென்சிட்டி பாட்டில் இருந்தா இன்னும் நல்லது. மூடியில மெல்லிசா ஒரு ஓட்டை இருக்கும், வழிய ஊத்தி மூடுனா மிச்சம் அது வழியா வெளிய வந்துடும், ஒவ்வொரு தடவையும் ஒரே பருமன். கழுத்தைப் பிடிங்க, வயித்தைப் பிடிச்சா கைச்சூட்டுல எண்ணெய் விரிஞ்சு சொட்டு சொட்டா மேல வரும். துடைக்கிறப்போ ஓட்டை மேல பேப்பர் படாம பாத்துக்கோங்க, உறிஞ்சிடும். எனக்கு தண்ணி மட்டும் 24.9 கிராம், எண்ணெய் மட்டும் 22.9, வகுத்தா 0.92. நம்ம ஊரு 30 டிகிரியில தண்ணியே 0.996தான், ஆனா ஸ்கூல் கணக்குக்கு 1ன்னே வச்சுக்கலாம்.

கடைசியா யூனிட். அந்த ஜல்லிக்கு 2.66 கிலோகிராம் பர் கனமீட்டர்ன்னு எழுதிட்டு வர்றவங்க இருக்காங்க. தெர்மாகோலே அந்த யூனிட்ல 10க்கு மேல வரும்ங்க. ஆயிரத்தால பெருக்கணும், 2660.